கணினிக்கும் ஒரு பெரட்டுக்களம் உண்டு

சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ ஒரு கணினிக் கடைக்குள் நுழைந்து அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும். இப்படி ஒரு பேச்சு கட்டாயம் காதில் விழும்.

"அண்ணே, திடீர்னு ஓப்பன் ஆக மாட்டேங்குது. கறுப்பா இருக்கு, ஒரு வரி இங்கிலீஷ்ல வருது."

"விண்டோஸ் போயிருச்சும்மா. ஃபார்மட் பண்ணிட்டா புதுசு மாதிரி ஓடும்."

"உள்ள அப்பா படம் எல்லாம் இருக்கே?"

"அதெல்லாம் போனது போனதுதான்."

உண்மையிலேயே போய்விட்டதா? தொலைக்காட்சிக் கலந்துரையாடல்களில் கணினியைப் பற்றிப் பேச்செடுத்தாலே இந்தக் கேள்வி எழாமல் இருப்பதில்லை. தோட்டத்து வீட்டை விட்டு வெளியேறிய நாளில் எடுத்த படங்கள், கோயில் திருவிழா ஒளிப்பதிவு, தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பல ஆண்டுகளாகச் சேர்த்த பயிற்சித் தாள்கள், பிள்ளையின் பல்கலைக்கழக ஆய்வேடு என்று எத்தனையோ குடும்பங்களின் சொத்து அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருக்கிறது. கணினி திறக்காமல் போவது ஒன்று. உள்ளே இருப்பது அழிந்துபோவது வேறொன்று. இரண்டும் வெவ்வேறு என்று தெரியாததால்தான் பலர், அழியாத ஒன்றைத் தாங்களே அழிக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருகிறார்கள்.

இந்த வேறுபாடு புரிய வேண்டுமானால், கணினி எப்படிக் கண்விழிக்கிறது என்பதையும், அதற்காக ஹார்ட் டிஸ்க்கில் ஒதுக்கி வைத்திருக்கும் இடத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜாகாவுக்குத் தெரிந்த ஒரே வீடு

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குப் பெரட்டு தெரியும். விடியும் முன்பே மணி அடிக்கும். ஆட்கள் பெரட்டுக்களத்தில் கூடுவார்கள். கிராணி பேர் கூப்பிட்டுச் செக்ரோலில் குறிப்பார். அதன் பிறகுதான் யாருக்கு எந்த நிரை என்று பிரித்து அனுப்புவார்கள். எத்தனை பால்மரம் இருந்தாலும் பெரட்டு நடக்காவிட்டால் அன்று வேலை இல்லை. ஆனால் பெரட்டு நடக்கவில்லை என்பதற்காக மரங்கள் காணாமல் போய்விடுவதில்லை!

கணினியும் அப்படித்தான். சுவிட்சைத் தட்டியதும் முதலில் எழுவது தாய்ப்பலகையில் ஒரு சில்லில் குடியிருக்கும் சிறிய நிரல். பழைய கணினிகளில் அதன் பெயர் பயாஸ். அதை ஒரு ஜாகா என்று வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் என்றால் என்ன, லினக்ஸ் என்றால் என்ன என்று அந்த ஜாகாவுக்குத் தெரியாது. கோப்பு, போல்டர் எதுவும் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: வரிசையில் முதல் வீட்டுக் கதவைத் தட்டுவது.

ஹார்ட் டிஸ்க் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. இதற்குச் செக்டர் என்று பெயர். பல்லாண்டுகளாக ஒரு செக்டருக்கு 512 பைட். அந்த முதல் செக்டரை மட்டும் ஜாகா தூக்கி நினைவகத்தில் வைக்கும். கடைசி இரண்டு பைட்டில் 55, ஏஏ என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால், "இனி உன் பொறுப்பு" என்று ஒதுங்கிக்கொள்ளும். முத்திரை இல்லையென்றால், இந்தத் தட்டில் கணினியை எழுப்ப ஆளில்லை என்று பொருள்.

446 பைட்டில் எவ்வளவு எழுத முடியும்?

1983ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனம் தன் எக்ஸ்டி கணினியை 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க்கோடு வெளியிட்டது. அதனுடன் வந்த டாஸ் 2.0 பதிப்பில்தான் இந்த முதல் செக்டரின் அமைப்பு உருவானது. எம்பிஆர் என்பது அதன் பெயர். 512 பைட்டை மூன்றாகப் பிரித்தார்கள். முதல் 446 பைட், கணினியை எழுப்பும் நிரலுக்கு. அடுத்த 64 பைட், தட்டு எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியலுக்கு. கடைசி 2 பைட், முத்திரைக்கு.

446 பைட் என்றால் எவ்வளவு? இன்றைய யூனிகோட் முறையில் சேமிக்கும்போது ஒரு தமிழ்க் குறியீட்டுக்குப் பொதுவாக 3 பைட் ஆகும். கணக்குப் போட்டால் 148 குறியீடு. புள்ளியும் கொம்பும் தனிக் குறியீடுகளாகக் கணக்கில் வரும். ஆக, ஒரு சிறிய பத்திகூட முழுதாக அடங்காது. அந்த இடத்துக்குள்தான் ஒரு முழு நிரல் உட்கார்ந்துகொண்டு, பட்டியலைப் படித்து, எந்தப் பகுதியில் இயங்குதளம் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதன் வாசலைத் தட்ட வேண்டும். முடியாவிட்டால் திரையில் காட்ட வேண்டிய பிழைச் செய்திகளும் அதே 446 பைட்டுக்குள்தான் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. "மிஸ்ஸிங் ஆபரேட்டிங் சிஸ்டம்" என்று கறுப்புத் திரையில் வந்த அந்த வரி, விண்டோஸ் அனுப்பிய செய்தி அல்ல. அந்தக் குட்டி நிரல் அனுப்பியது.

தோட்டத்துக்கு டிவிஷன், தட்டுக்குப் பார்ட்டிஷன்

பெரிய தோட்டம் என்றால் டிவிஷன்கள் இருக்கும். பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்தில் முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு என்று தமிழ்ப்பள்ளிகளின் பெயரிலேயே அந்தப் பிரிவினை பதிந்திருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கைப் பிரிப்பதும் இதே வேலைதான். சி, டி என்று நாம் பார்க்கும் எழுத்துகள் பெரும்பாலும் ஒரே தட்டின் டிவிஷன்கள்.

ஆனால் பட்டியலுக்கு ஒதுக்கியது 64 பைட் மட்டுமே. ஒரு டிவிஷனைக் குறிக்க 16 பைட் வேண்டும். ஆக, நான்கு டிவிஷனுக்கு மேல் நேரடியாக எழுத முடியாது. அந்தப் பதினாறில், டிவிஷன் எங்கே தொடங்குகிறது என்பதற்கு 4 பைட், எத்தனை செக்டர் நீளம் என்பதற்கு 4 பைட். 4 பைட்டில் எழுதக்கூடிய எண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. அதை 512ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 2.2 லட்சம் கோடி பைட், அதாவது 2 டெராபைட். 10 மெகாபைட்டே பெரிது என்றிருந்த காலத்தில் யாரும் இதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பிறகு 3 டெராபைட் தட்டு கடைக்கு வந்தபோது, பழைய முறையில் அமைத்தவர்களுக்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இடம் கைக்கு எட்டாமலே நின்றது.

இன்னொரு சங்கதியும் உண்டு. பழைய முறையில் முதல் டிவிஷன் 63ஆம் செக்டரில்தான் தொடங்கும். எம்பிஆர் இருப்பது பூஜ்ஜியத்தில். இடைப்பட்ட 62 செக்டர், அதாவது 31 கிலோபைட், யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கு. 2007ல் விஸ்டா வந்த பிறகு முதல் டிவிஷனை 1 மெகாபைட் தள்ளித் தொடங்கும் வழக்கம் ஏற்பட்டது. லினக்ஸை எழுப்பும் கிரப் என்ற நிரலுக்கு 446 பைட் போதாது. அதனால் தன் எஞ்சிய பகுதியை இந்தப் புறம்போக்கில்தான் குடிவைத்தது.

ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஒரு முன்வாசல்

எம்பிஆர் தட்டிய பிறகு எழுவது அந்த டிவிஷனின் சொந்த முதல் செக்டர். கோப்புகளை அடுக்கும் முறையை வகுத்தவர்கள் இதற்கென்று முன்வாசலில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு கணக்கு.

பென்டிரைவில் நாம் பார்க்கும் ஃபேட்32 முறையில் வழக்கமாக 32 செக்டர் ஒதுக்கப்படும். முதல் செக்டர் கெட்டுப்போனால் உதவ, ஆறாம் செக்டரில் அதன் நகல் ஒன்று இருக்கும். விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையில் முதல் 16 செக்டர் ஒதுக்கம். நகல் டிவிஷனின் கடைசி செக்டரில். பெரிய மெமரி கார்டுகளில் இருக்கும் எக்ஸ்ஃபேட் முறையில் 12 செக்டர் வாசல், அதையடுத்து அதே 12 செக்டரின் நகல். லினக்ஸின் எக்ஸ்ட்4 முதல் 1024 பைட்டைத் தொடாமல் விட்டுவிட்டு அதன் பிறகே தன் கணக்கைத் தொடங்குகிறது. பிட்டிஆர்எஃப்எஸ் தாராளமாக 64 கிலோபைட் விடுகிறது. எக்ஸ்எஃப்எஸ் மட்டும் எதுவும் விடுவதில்லை. முதல் செக்டரிலேயே தன் சொந்தக் கணக்கை எழுதிவிடும். அங்கே யாராவது எழுப்பும் நிரலை எழுதப்போனால் கணக்கே அழிந்துபோகும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். வாசல் கெட்டாலும் வீடு இருக்கிறது. வாசலுக்கு நகலும் பல இடங்களில் இருக்கிறது. கணினியில் பென்டிரைவைச் செருகியதும் "இதைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறதே, பல நேரங்களில் அதற்குக் காரணம் அந்த முதல் செக்டரில் ஏற்பட்ட கோளாறுதான். பதறிப்போய் "சரி" என்று அழுத்தினால்தான் உண்மையான நஷ்டம் ஆரம்பிக்கிறது.

புறம்போக்கில் புகுந்த திருடன்

எல்லோருக்கும் முன்பாக எழுகிறவனுக்குத்தான் அதிகாரம் அதிகம். இதை முதலில் புரிந்துகொண்டவர்கள் வைரஸ் எழுதியவர்கள். 1986ல் பாகிஸ்தானின் லாகூர் நகரில் இரு சகோதரர்கள் எழுதிய பிரெய்ன் என்ற வைரஸ், நெகிழ்தட்டின் முதல் செக்டரில் குடியேறிக்கொண்டு, அசல் செக்டரை வேறிடத்துக்குத் தள்ளியது. 1987ல் நியூசிலாந்தில் தோன்றிய ஸ்டோன்ட், ஹார்ட் டிஸ்க்கின் அசல் எம்பிஆரை அந்தப் புறம்போக்கு நிலத்தில் ஒளித்துவிட்டு அதன் நாற்காலியில் தான் உட்கார்ந்தது. அதன் வழிவந்த மைக்கலேஞ்சலோ, மார்ச் 6ஆம் தேதி கணினியைத் திறந்தால் தட்டை அழிக்கும்படி எழுதப்பட்டிருந்தது. 1992ல் உலகமே அந்தத் தேதியை எண்ணிப் பயந்தது.

பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2017 ஜூன் 27ல் உக்ரேனில் கிளம்பி உலகமெங்கும் நிறுவனங்களை முடக்கிய நாட்பெட்யா செய்ததும் இதுதான். முதல் செக்டரைப் பிடித்துக்கொண்டு, தட்டைப் பழுது பார்ப்பது போலத் திரையில் நாடகமாடியபடியே, கோப்புப் பட்டியலைப் பூட்டியது.

இன்றைய ஏற்பாடு

446 பைட்டுக்குள் முடங்கிக் கிடப்பதும், காவலில்லாத முதல் செக்டரும் இனி உதவாது என்று கண்ட பிறகுதான் யுஇஎஃப்ஐ என்ற புதிய ஜாகா வந்தது. இதற்கு எழுதப் படிக்கத் தெரியும்! ஃபேட் முறையில் அடுக்கிய கோப்பைத் தானே தேடிப் படிக்கும். அதற்காகத் தட்டில் ஒரு தனி டிவிஷன் ஒதுக்கப்படுகிறது. விண்டோஸ் நிறுவும்போது அது பொதுவாக 100 மெகாபைட் அளவில் அமையும். 446 பைட் எங்கே, 100 மெகாபைட் எங்கே!

டிவிஷன் பட்டியலும் மாறிவிட்டது. ஜிபிடி என்ற புதிய முறையில் 128 டிவிஷன் வரை எழுத இடமுண்டு. 2 டெராபைட் தடையும் இல்லை. பட்டியலின் நகல் தட்டின் கடைசியில் பத்திரமாக இருக்கும். முதல் செக்டரில் பழைய எம்பிஆர் போல ஒரு பொம்மைப் பட்டியலும் உண்டு. பழைய மென்பொருள் எதுவும் "இது காலித் தட்டு" என்று நினைத்து எழுதிவிடாமல் தடுப்பதற்காக, பால்மரத்துக்கு நடுவே வேலி போட்டது போல.

2012ல் விண்டோஸ் 8 உடன் பரவிய செக்யூர் பூட், எழுப்பும் நிரலில் நம்பகமானவரின் கையொப்பம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே உள்ளே விடுகிறது. அதையும் ஏய்க்கும் பிளாக்லோட்டஸ் என்ற தீநிரல் 2023ல் வெளிச்சத்துக்கு வந்தது. இந்தக் காவலுக்கான 2011ஆம் ஆண்டுச் சான்றிதழ்களின் காலம் 2026 ஜூன் முதல் முடியத் தொடங்கும்படி அமைந்ததால், கணினிக்கு வரும் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாமல் ஏற்றுக்கொள்வது நல்லது.

ஒதுக்கிய இடம் போதாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஜனவரி ஓர் எடுத்துக்காட்டு. விண்டோஸ் 10க்கு வந்த ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பு பல வீடுகளில் திரும்பத் திரும்பத் தோல்வியடைந்தது. காரணம், மீட்புக்கென்று வைத்திருந்த டிவிஷன் சிறியதாக இருந்தது. அதை 250 மெகாபைட் பெரிதாக்கும் வழியை மைக்ரோசாஃப்ட்டே அறிவிக்க வேண்டி வந்தது. ஆகவே, "பெயரில்லாத சின்ன டிவிஷன் சும்மா கிடக்கிறது, அழித்துவிட்டால் இடம் மிச்சம்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது பெரட்டுக்களம். அங்கே மரம் நடக்கூடாது.

திரையில் வரும் வரி எதைச் சொல்கிறது?

கடைக்குப் போகுமுன் திரையில் வந்த வரியைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் படியில் கோளாறு என்பதை அது ஓரளவுக்குக் காட்டிக்கொடுக்கும்.

"நான்-சிஸ்டம் டிஸ்க்" என்று வந்தால், செருகி மறந்த பென்டிரைவை எடுத்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். ஜாகா தவறான வீட்டைத் தட்டியிருக்கலாம். "மிஸ்ஸிங் ஆபரேட்டிங் சிஸ்டம்", "இன்வேலிட் பார்ட்டிஷன் டேபிள்" என்று வந்தால் எம்பிஆர் எழுந்துவிட்டது. அடுத்த வாசல்தான் கிடைக்கவில்லை. "பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்", பழைய எக்ஸ்பியில் "என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்" என்றால் டிவிஷன் வாசல்வரை வந்தாயிற்று. எழுப்ப வேண்டிய ஒரு கோப்பு மட்டும் காணவில்லை. இப்படிப்பட்ட நேரங்களில் உங்கள் படங்களும் ஆவணங்களும் இருந்த இடத்திலேயே இருக்க வாய்ப்பு மிக அதிகம்.

"நோ பூட்டபிள் டிவைஸ்" என்ற வரி மட்டும் இரண்டு பொருள் தரும். வாசல் கெட்டிருக்கலாம், தட்டே செத்திருக்கலாம். தட்டிலிருந்து டக், டக் என்று சத்தம் வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். மீண்டும் மீண்டும் திறந்து பார்ப்பது காயத்தை ஆழமாக்கும். வெள்ளத்தில் நனைந்த தட்டுக்கும் இதே விதிதான். அதை மீட்பது தனிச் சிறப்புத் துறை.

கடையில் என்ன சொல்ல வேண்டும்?

முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: "அண்ணே, முதல்ல உள்ள இருக்கிறத காப்பி எடுங்க. ரிப்பேர் அப்புறம்."

தட்டைக் கழற்றி இன்னொரு கணினியில் செருகலாம். அல்லது பென்டிரைவிலிருந்தே இயங்கும் லினக்ஸைக் கொண்டு கணினியை எழுப்பி, கோப்புகளை வெளியே எடுக்கலாம். இரண்டுக்குமே அந்தக் கெட்டுப்போன வாசல் தேவையில்லை. தட்டை வேறு கணினியில் செருகும்போது "இனிஷியலைஸ்" செய்யவா, "ஃபார்மட்" செய்யவா என்று விண்டோஸ் கேட்டால் இரண்டுக்கும் வேண்டாம் என்றே பதில். டிவிஷன் பட்டியல் தொலைந்திருந்தால் டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள், நகல்களைத் தேடிப் பட்டியலைத் திரும்ப எழுத உதவும். நகலெடுத்து முடித்த பிறகு, எழுப்பும் நிரலை மட்டும் புதிதாக எழுதும் கட்டளைகள் விண்டோஸ் மீட்புத் திரையிலேயே இருக்கின்றன. பாதி நேரம் ஃபார்மட்டே தேவைப்படாது.

இரண்டாயிரமாம் ஆண்டுகளில் அவசரப்பட்டு ஃபார்மட் செய்தாலும் ஓரளவுக்கு மீட்க முடிந்தது. அன்று ஃபார்மட் என்பது பெரும்பாலும் பட்டியலை மட்டும் அழிக்கும். சரக்கு அப்படியே கிடக்கும். இன்று பெரும்பாலான மடிக்கணினிகளில் இருப்பது எஸ்எஸ்டி. ஃபார்மட் செய்ததும் "இந்த இடமெல்லாம் இனி வேண்டாம்" என்று விண்டோஸ் அதற்குச் சொல்லிவிடும். அது தன் போக்கில் துடைத்துவிடும். அப்புறம் எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது. அன்றைய தவறுக்கு ஒரு மறுவாய்ப்பு இருந்தது. இன்றைய தவறுக்குப் பெரும்பாலும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், உரிமையாளருக்கே தெரியாமல் தட்டு பூட்டப்பட்டிருக்கிறது. எழுப்பும் நிரலிலோ தாய்ப்பலகையிலோ மாற்றம் ஏற்பட்டால் 48 இலக்கச் சாவி கேட்கும். அந்தச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணினி நன்றாக ஓடும் இன்றே அதை எடுத்து ஒரு தாளில் எழுதி, பிறப்புப் பத்திரம் இருக்கும் கோப்பில் வைத்துவிடுங்கள். சாவி இல்லாவிட்டால் தட்டு நன்றாக இருந்தும் பயனில்லை.

பழைய தட்டிலிருந்து மீட்ட தமிழ்க் கோப்பு புரியாத குறிகளாகத் தெரிந்தால் அதையும் தூக்கி எறியாதீர்கள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததாக இருக்கலாம். மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன.

1996ல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில், ஹார்ட் டிஸ்க்குக்குள் சுழலும் காந்தத் தட்டுகளைச் செய்த ஆலையும் இருந்தது. உலகத்தின் நினைவுகளைத் தாங்கும் பொருள் கெடா மண்ணிலிருந்தே போயிருக்கிறது. நம் வீட்டு நினைவுகளை மட்டும் "போனது போனதுதான்" என்று விட்டுக்கொடுக்கலாமா?

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயமும் பெரட்டுக்களமும் இருந்த இடம் சில குடும்பங்களுக்கு இன்று படத்தில் மட்டுமே இருக்கிறது. அந்தப் படம் ஒரே ஒரு கணினியில் இருந்தால் அது பாதி தொலைந்ததற்குச் சமம். இந்த வார இறுதியில் ஒரு வெளித் தட்டிலும், உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இன்னோர் இடத்திலும் நகலெடுத்து வையுங்கள். 512 பைட் வாசலுக்கே நகல் வைத்திருக்கிறார்கள். அப்பாவின் படத்துக்கு வைக்க வேண்டாமா?